உமருமையா காத்த அமானிதம்

வாளேந்திய வீரனும் அவனோடு ஒட்டித் திரியும் தந்திரக்காரத் தோழனும் மந்திரவாதிகளின் கோட்டைகளுக்குள் புகுந்து மீளும் கதைகள் என்றால், நம் மாணவர்களுக்கு மேலைநாட்டுத் திரைப்படங்களும் கணினி விளையாட்டுகளுமே நினைவுக்கு வருகின்றன. அஃது அவர்தம் குற்றமன்று. இவ்வகைக் கதைக்கு ‘வாளும் சூனியமும்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை 1961இல் முன்மொழிந்தவர் பிரிட்ஸ் லைபர் என்னும் அமெரிக்க எழுத்தாளர். 1939 முதல் அவர் எழுதிவந்த கதைத் தொடரில் இரண்டு தோழர்கள் வருகின்றனர். ஒருவன் வடபுலத்துப் பனிநாட்டிலிருந்து வந்த நெடிய உருவினன். மற்றவன் குட்டையானவன், மந்திரவாதி ஒருவனிடம் சீடனாக இருந்தவன். இருவரும் அரசகுமாரர் அல்லர்; நீதிநூல்கள் போற்றும் சான்றோரும் அல்லர். கூலிக்கு வாள் சுழற்றுவார்கள். வாய்ப்பு வாய்த்தால் திருடுவார்கள். திருடியதைக் குடித்துத் தொலைப்பார்கள். எனினும் ஒருவனை விட்டு மற்றவன் நீங்குவதில்லை.

இக்கதைகளை நான் படித்தது ஆசிரியப் பணிக்கு வந்த பின்னர்தான். படித்தபோது வியப்பு எழவில்லை. ஊர்க்காரரைப் பட்டணத்துக் கடைவீதியில் கண்டாற்போன்ற ஓர் உணர்வே எழுந்தது. அந்தக் குட்டையான தோழனை நான் எட்டு வயதிலேயே அறிவேன். அவன் பெயர் உமருமையா.

நான் பிறந்து வளர்ந்தது புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த குளத்தூர். ஆலங்குடி, திருமயம் ஆகியவற்றோடு சமஸ்தானத்து மூன்று தாலுகாக்களுள் ஒன்றாக விளங்கிய ஊர். வட்ட அலுவலகம் கீரனூரில் இருந்தாலும் வட்டத்திற்குப் பெயர் இன்றும் குளத்தூர்தான். இந்தப் பெருமையை எங்கள் ஊரார் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. என் பாட்டனார் இளம்வயதில் கப்பலேறிப் பினாங்கு சென்று, ஒரு துணிக்கடையில் சிப்பந்தியாக இருந்தவர். சப்பானியர் காலத்துப் பஞ்சத்தையும் அங்கேயே கண்டு, வயது முதிர்ந்த பின் ஊர் திரும்பினார். கொண்டுவந்த செல்வம் ஒரு தகரப்பெட்டி அளவே. கதைகள் அதனினும் மிகுதி.

கோடை இரவுகளில், இஷாத் தொழுகை முடிந்தபின், வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொண்டு அவர் கதை தொடங்குவார். அமீர் ஹம்ஸா என்னும் மாவீரர் கதை அது. அவர் பிறந்த அன்றே பிறந்த தோழன் உமருமையா. குழந்தையாக இருந்தபோதே, தன்னை வாழ்த்த வந்த பாரசீக மந்திரியின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி வாய்க்குள் ஒளித்துக்கொண்டவன் அவன். ஹம்ஸா வாளால் வெல்வார். உமருமையா வேடத்தால் வெல்வான். கிழவியாவான், வைத்தியனாவான், பாடகனாவான். அவனிடம் ஒரு பை உண்டு. ஓர் ஊரையே அதற்குள் போட்டாலும் பை நிறையாது. பகைவர் தலைவனை மயக்கமருந்து கொடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவான். பிறகு அவனை வெளியே விடுவதற்குப் பணம் கேட்பான். பகைவனிடம் மட்டுமா? ஹம்ஸாவிடமும் கேட்பான். அந்த இடத்தில் பாட்டனார் தம் மடியைத் தடவிக் காசு எண்ணுவதுபோல் நடித்துக் காட்டுவார். நாங்கள் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுவோம்.

அந்தப் பை அவனுக்குக் கிடைத்த இடம் எது தெரியுமா? நம் மக்கள் பாவாத மலை என்று வழங்கும் இலங்கை மலைதான். சரந்தீபு நாட்டை ஆண்ட லந்தஹூர் என்னும் அரக்கவடிவ மன்னனோடு பொருத ஹம்ஸா வந்தபோது, உமருமையா ஆதம் நபியின் பாதம் பதிந்த மலைக்குச் சென்றான். அங்கே கனவில் நபிமார்கள் அருளிய பரிசுகளுள் ஒன்று அது. இது பாட்டனாரின் சொந்தச் சரக்கு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். பின்னர் உருது மொழியில் லக்னோவில் அச்சான கதைநூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2007இல் வந்தபோது வாங்கிப் படித்தேன். மலையும் பையும் லந்தஹூரும் அங்கே அப்படியே இருந்தன.

கதையின் உயிர்நிலை இனிமேல்தான் வருகிறது. காஃப் மலைக்கு அப்பாலுள்ள பரிகளின் நாட்டில் தேவுகள் கலகம் செய்ய, அதை அடக்க ஹம்ஸா அழைக்கப்படுகிறார். 18 நாளில் திரும்புவேன் என்று சொல்லிப் புறப்படுகிறார். அங்கே 18 ஆண்டுகள் சிக்கிக்கொள்கிறார். அவர் விரும்பி மணக்க இருந்த பாரசீக வேந்தன் மகளும், அவரை நம்பி வந்த படையும் உமருமையாவின் பொறுப்பில் விடப்படுகின்றன. காசுக்குக் காசு பார்க்கிறவன். சொன்ன சொல்லைக் காற்றில் விடுகிறவன். நண்பனிடமே கூலி கேட்கிறவன். அவன் அந்த 18 ஆண்டுகளும் கோட்டை மாற்றிக் கோட்டை பிடித்து, பட்டினி கிடந்து, பகைவரை ஏய்த்து, ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை ஒரு குறையுமின்றிக் காத்து நிற்கிறான். மாவீரரோ தம் விருப்பமின்றியே பரிகளின் நாட்டில் மயங்கிக் கிடக்கிறார். கதையில் வீரம் யாருடையது என்று அப்போது நான் கேட்டதில்லை. இப்போது வகுப்பில் கேட்கிறேன்.

காஃப் மலை எங்களுக்குத் தொலைவில் இல்லை. நார்த்தாமலைக் குன்றுகளுள் ஒன்றுக்கு ஆளுருட்டி மலை என்று பெயர். மனிதரை உருட்டிவிடுகிற மலை! இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தக் கதைக்காரன் கற்பித்துவிட முடியும்? தேவுகள் அங்கேதான் குடியிருந்தன என்பதில் எங்களுக்கு ஐயமே இருந்ததில்லை.

இக்கதையால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு உண்டாயிற்று. என் அத்தா மார்க்கக் கல்வி உடையவர். ஒருநாள் இரவு பள்ளிவாசலிலிருந்து திரும்பியவர் வாசலில் நின்று முழுக்கதையையும் கேட்டார். பிறகு பாட்டனாரிடம், “அத்தா, ஷஹீதுகளின் தலைவர் என்று ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களே சிறப்பித்த ஹம்ஸா (ரலி) அவர்களைப் பரியோடும் பேயோடும் சேர்த்துப் பேசுவது அடுக்குமா? நாளைக்குக் கேள்வி இல்லையா?” என்றார். குரலில் சினம் இல்லை, வருத்தமே இருந்தது.

அத்தாவின் கூற்றில் உண்மை உண்டு என்பதை மறுக்க இயலாது. ஹம்ஸா (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தை. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 625இல், உஹதுப் போர்க்களத்தில் உயிர்நீத்தவர்கள். அப்பெருமகனாரின் வாழ்வு பரிகளின் துணையை வேண்டி நிற்பதன்று. கதையில் வரும் ஹம்ஸா அவர்களின் பெயரைத் தாங்கிய வேறொரு கற்பனை உரு. உமருமையா என்னும் பெயரும் அம்ரு இப்னு உமையா என்ற நபித்தோழரின் திருப்பெயரின் திரிபே. இந்த வேறுபாட்டை அறியாத எளிய மக்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வர் என்பதே அத்தாவின் அச்சம். அவர் கதைகளுக்குப் பகைவர் அல்லர். கீரனூருக்குப் போனால் எங்களுக்கு ‘அம்புலிமாமா’ வாங்கி வந்தவரும் அவரே. “அது பொய் என்று சொல்லிக்கொண்டே வருகிற பொய், இது மெய்யின் போர்வையைப் போர்த்திக்கொண்டு வருகிற பொய்” என்று அவர் வகுத்துச் சொன்னதை, இலக்கியத் திறனாய்வு நூல்கள் பலவற்றைக் கற்ற பின்னும் நான் மறக்கவில்லை.

பாட்டனார் வாதாடவில்லை. மறுநாள் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தார். “ஓர் ஊரில் ஒரு ராசகுமாரன் இருந்தான்” என்று தொடங்கினார். பெயர் இல்லை. அரபு நாடும் இல்லை. உமருமையா மட்டும் அப்படியே இருந்தான்! நாளாக ஆக ராசகுமாரன் கதையில் மெலிந்துகொண்டே போனான். உமருமையா வளர்ந்துகொண்டே போனான். அவன் ஆளுருட்டி மலை ஏறினான். கீரனூர்ச் சந்தையில் மந்திரவாதிக்கே கயிறு விற்றான். அன்னவாசல் பாதையில் ஒரு தேவை ஏமாற்றிச் சுமை தூக்க வைத்தான். அத்தாவும் சில இரவுகளில் திண்ணையில் அமர்ந்து கேட்டார். சிரித்தாரா என்பது இருட்டில் தெரியவில்லை.

‘உமருமையா’ என்ற பெயரின் வரலாற்றைப் பின்னாளில் தேடிச் சென்றேன். உருதுவில் அவன் பெயர் ‘அமர் அய்யார்’. (இதை வகுப்பில் சொன்னபோது, அரபுக்கதைக்குள் ஐயர் எப்படி வந்தார் என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல வினாதான்.) அய்யார் என்பது சாதிப்பெயர் அன்று, தந்திரத்தைத் தொழிலாகக் கொண்டவனைக் குறிக்கும் சொல். அப்பாசியர் காலத்துப் பக்தாது நகரத் தெருக்களிலும் ஈரானிய ஊர்களிலும் அய்யார்கள் எனப்பட்ட கூட்டத்தார் உண்மையாகவே வாழ்ந்தனர். அவர்களைக் கொள்ளையர் என்று எழுதியோரும் உளர். எளியோருக்குத் துணைநின்ற கட்டுப்பாடுடைய இளைஞர் என்று எழுதியோரும் உளர். 9ஆம் நூற்றாண்டில் சபாரிய அரசமரபை நிறுவிய யாகூபு என்பவர் செம்புவேலை செய்யும் குடும்பத்தில் பிறந்து அய்யாராக இருந்து மன்னரானவர். பாரசீகத்தில் 12ஆம் நூற்றாண்டிலேயே ‘சமக்கு அய்யார்’ என்று ஒரு பெருங்கதை இருந்தது. அமெரிக்க எழுத்தாளரின் திருட்டுத் தோழர்களுக்கு ஏறத்தாழ 750 ஆண்டுகள் மூத்தவன் சமக்கு.

ஆனால் பாட்டனார் சொன்னது ‘அமர் அய்யார்’ அன்று. மலாய் மொழியில் வழங்கும் ‘ஹிகாயத் அமீர் ஹம்ஸா’வில் அத்தோழனின் பெயர் உமர் உமையா. சாவகத்தில் அவனே உமர்மாயா. அங்கே மரப்பாவைக் கூத்தில் இன்றும் ஆடுகிறான். ஆக, பினாங்குக் கடைத்தெருவில் மலாய்க்காரர் வாயிலாகக் கேட்ட கதையைத்தான் அவர் குளத்தூர் வாசலில் தமிழாக்கியிருக்கிறார். மலாய் நாட்டில் இக்கதைக்கு இருந்த மதிப்பும் சிறிதன்று. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைத் தாக்கவிருந்த முன்னிரவில், வீரர்கள் முகம்மது ஹனபியாவின் கதையைப் படித்துக் காட்டுமாறு வேண்டினார்களாம். அரசரோ, அவர்களுடைய வீரத்திற்கு அமீர் ஹம்ஸா கதை போதும் என்று முதலில் அதைக் கொடுத்தனுப்பினாராம். ‘செஜாரா மலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூல் கூறும் செய்தி இது. கதை கேட்டும் மலாக்கா வீழ்ந்தது. அது கதையின் பிழையன்று.

வடநாட்டில் இக்கதை பெற்ற வாழ்வு தனி நூலுக்குரியது. அக்பர் பாதுஷா இளமையில் இக்கதையில் மயங்கி, துணியில் வரைந்த சுமார் 1400 பெரிய ஓவியங்களாக அதை ஆக்குவித்தார். முடிக்கச் சுமார் 15 ஆண்டுகள் பிடித்தன. படம் ஒருபுறம், கதை மறுபுறம். எஞ்சியவை ஏறத்தாழ 200 அளவே. 1881இல் ஆங்கிலேயர் ஒருவர் காசுமீரத்துச் சிறீநகரில் சில படங்களைக் கண்டெடுத்தபோது அவை கடைச் சாளரங்களில் குளிர்காற்றுக்கு மறைப்பாகக் கட்டப்பட்டிருந்தன. பலவற்றில் உருவங்களின் முகங்கள் மட்டும் அழிக்கப்பட்டிருந்தன. இதைப் படித்தபோது எங்கள் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. அங்கே யாரோ முகங்களைத் தேய்த்தழித்தார்கள். என் பாட்டனாரோ பெயரை மட்டும் எடுத்துவிட்டுக் கதையைக் காப்பாற்றினார்.

லக்னோவில் நவல் கிஷோர் அச்சகத்தார் 1883 தொடங்கி இக்கதையை 46 பெருந்தொகுதிகளாக வெளியிட்டனர். அதில் ‘தில்ஸ்மே ஹோஷ்ருபா’ என்னும் மாயநாட்டுப் பகுதியே பலராலும் போற்றப்படுவது. அங்கே போரை நடத்துவோர் அய்யார்களே. இந்தியில் தேவகிநந்தன் கத்ரி 1888இல் எழுதிய ‘சந்திரகாந்தா’ புதினத்திலும் அய்யார்களே கதையை நகர்த்துகின்றனர். அதை 1994இல் தூர்தர்சன் தொடராக ஒளிபரப்பியபோது, ஒரு சொல் இந்தி அறியாத எங்கள் தெருவார் ஞாயிறுதோறும் கூடிப் பார்த்தனர். வேடம் கலைக்கும் காட்சிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. தில்லியில் இக்கதையை மரபு வழுவாது சொல்லி வந்த மீர் பாகர் அலி 1928இல் மறைந்ததோடு அக்கலை அற்றுப்போனதாகக் கருதப்பட்டது. 2005இல் சிலர் அதை மீண்டும் மேடையேற்றினர். இன்று இளைஞர் கூட்டம் சேர்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இத்தோழன் அயலானல்லன். விக்கிரமாதித்தன் கதையில் வரும் பட்டியை நினைத்துப் பாருங்கள். காளியிடம் மன்னன் பெற்ற வரம் 1000 ஆண்டு; பட்டி பெற்றதோ 2000 ஆண்டு. மன்னன் திகைத்து நிற்க, காடாறு மாதம் நாடாறு மாதம் என்று கணக்குப் போட்டு, அவனுக்கும் 2000 ஆண்டு ஆக்கிக் கொடுத்தவன் பட்டி. இறைவியின் வரத்துக்கே உள்வழி கண்ட அறிவு அது. 1951இல் வந்த ‘பாதாள பைரவி’யில் தோட்டராமனோடு அஞ்சி இல்லையேல் மந்திரவாதியை வென்றிருக்க முடியுமா? அப்படத்தை எடுத்த நாகிரெட்டி, சக்கரபாணி ஆகியோரே 1947இல் ‘அம்புலிமாமா’வைத் தொடங்கியவர்கள் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவ்விதழின் தொடர்கதைகளில் கட்கவர்மன், ஜீவதத்தன் போன்ற இணைபிரியாத் தோழர்கள் மலையும் காடும் கடந்து மந்திரவாதிகளோடு பொருதனர். அவற்றைத் தெலுங்கில் எழுதிய தாசரி சுப்பிரமணியம் 2010இல் மறைந்தார். இதழில் அவர் பெயர் அச்சிடப்படாமையால், அவருடைய எழுத்திலேயே வளர்ந்த எங்களுக்கு அவர் யாரென்று தெரியாமற் போயிற்று. திரைக்குப் பின்னால் நிற்பது அய்யாருக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று போலும்.

இனி நம் துறை சார்ந்த செய்திக்கு வருகிறேன். இசுலாமியத் தமிழ் இலக்கியம் என்றால் சீறாப்புராணத்தைக் கற்பிக்கிறோம், கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் நம் முன்னோர் தமிழுக்குக் கொணர்ந்த புதிய வகைமைகளுள் கிஸ்ஸாவும் படைப்போரும் உண்டு. சைத்தூன் கிஸ்ஸாவில் வாளெடுத்துப் பொருத வீரப்பெண் வருகிறாள். தமீம் அன்சாரி கிஸ்ஸாவில் வீட்டு முற்றத்திலிருந்து ஜின்னால் தூக்கிச் செல்லப்பட்ட எளிய மனிதர் காணாத தேசமெல்லாம் கண்டு மீள்கிறார். திருமண வீடுகளிலும் நோன்பு இரவுகளிலும் பெண்கள் கூடி ராகமிட்டுப் படித்தவை இவை. நான் இளமுனைவர் பட்டத்திற்குக் கிஸ்ஸாக்களைத் தலைப்பாக எடுத்துச் சென்றபோது, “இதில் ஆய்வுக்குரிய கனம் இல்லை, சமயத்தார் மனமும் நோகும்” என்று நெறியாளர் ஒருவர் தடுத்துவிட்டார். வேறு தலைப்பில் எழுதிப் பட்டம் பெற்றேன். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அப்பட்டத்தையே நிறுத்திவிட்டது. ஆகவே அத்தலைப்பை அங்கே கொடுக்க இனி யாருக்கும் வாய்ப்பில்லை.

கனம் இல்லையா? மறுக்கிறேன். அரசனும் ஞானியும் வீரனும் தமக்குரிய காப்பியங்களைப் பெற்றுவிட்டனர். கையில் படையின்றி, குலப்பெருமையின்றி, அறிவு ஒன்றையே முதலாக வைத்துப் பிழைப்பவனுக்கு இக்கதைகளே காப்பியம். கப்பலேறிப் பிழைக்கப் போன கடைச் சிப்பந்தி ஒருவர் ஹம்ஸாவை விட்டு உமருமையாவை நெஞ்சில் சுமந்து வந்ததில் பொருள் இல்லாமல் இல்லை. சமயத்தார் மனம் நோகும் என்பதற்கு என் அத்தாவே விடை சொல்லிவிட்டார். வரலாற்று ஹம்ஸா (ரலி) அவர்களை வரலாற்று வகுப்பிலும், கதை ஹம்ஸாவைக் கதை வகுப்பிலும், இன்னது இன்னதென்று பெயர் சொல்லிப் பிரித்தே கற்பிப்போம். போர்வையை நீக்கிவிட்டால் பொய்யும் தன் இடத்தில் அழகாகவே இருக்கிறது.

பாட்டனார் 1994இல் காலமானார். அவர் சொன்னவற்றுள் பாதியை அச்சுநூல்களில் கண்டுபிடித்துவிட்டேன். மீதிப்பாதி எந்த நூலிலும் இல்லை. மந்திரவாதிக்குக் கயிறு விற்ற கதை மலாயிலும் கிடைக்கவில்லை, உருதுவிலும் கிடைக்கவில்லை. அது கீரனூர்ச் சந்தையில் பிறந்தது. அதன் முடிவு எனக்கு நினைவில்லை. நான் உறங்கிப்போன இரவு அது.

மலாயா, சிங்கப்பூர், கொழும்பு சென்று திரும்பிய பெரியவர்களின் பிள்ளைகள் குளத்தூர், கீரனூர், அன்னவாசல் வட்டாரங்களில் இன்றும் வாழ்கின்றனர். இம்மலரைப் படிக்கும் சமுதாயப் பெரியோர்கள், தம் இல்லத்து மூத்தோரிடம் இத்தகைய கதை எஞ்சியிருப்பின் துறைக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். இவ்வாண்டு இரண்டாமாண்டு மாணவர் அறுவர் கைப்பேசியுடன் வீடு வீடாகச் சென்று பதிவு செய்து வருகின்றனர். முதலில் கிடைத்தது கீரனூரில் எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டியாரின் கதை. 40 நிமிடம் சொன்னார். கதைத்தலைவரின் பெயரைக் கேட்டபோது, “அந்தப் பெரியவங்க பேரை நான் சொல்ல மாட்டேன், வாப்பா; கூட ஒரு களவாணி வருவான் பாரு, அவனைப் பத்திக் கேளு” என்றாராம்.